கருச்சிதைவும் ரத்த வகையும்: பழியைப் பெண் ஏன் சுமக்க வேண்டும்?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடியிருந்த ஒரு கூட்டத்தில், பெண் டாக்டர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)



இன்று எதைப்பற்றிப் பேசலாம் என்று கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்களிடம் கேட்டேன். "நோய் நொடி பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்றார்கள். ஆனால், ரீலிங் பகுதியில் வேலை செய்யும் ஒரு சகோதரி என்னைத் தனியே அழைத்து வேறொன்று கேட்டார்.

"டாக்டரம்மா, எங்கள் தெருவில் ஒரு பெண். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. மூன்று தடவை கரு தங்கியது. மூன்று தடவையும் இரண்டாம் மாதம், மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. புருஷன் ரத்தத்துக்கும் இவள் ரத்தத்துக்கும் ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மாமியார் வீட்டில் அவளுக்கு முகங்கொடுத்துப் பேசுவாரில்லை. பையனுக்கு வேறு பெண் பார்க்கப் போகிறார்களாம். ரத்தம் ஆகாமல் போவது என்பது நிஜந்தானா?" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இன்றைய என் பேச்சு.

நிஜமும் இருக்கிறது, பொய்யும் இருக்கிறது. நெல்லும் பதருமாக இரண்டும் கலந்து கிடக்கின்றன. முறத்தில் போட்டுப் புடைத்துப் பிரித்தால்தான் எது சோற்றுக்கு ஆகும், எது குப்பைக்குப் போகும் என்று தெரியும். புடைத்துப் பார்ப்போம்.

ரத்தத்தின் ரகங்கள்

ரத்தம் எல்லாருக்கும் சிவப்புத்தான். மேல் ஜாதிக்கு ஒரு ரத்தம், கீழ் ஜாதிக்கு ஒரு ரத்தம் என்று கிடையாது. முதலாளிக்கு ஒன்று, கூலிக்காரனுக்கு ஒன்று என்றும் கிடையாது. ஆனால் நூலில் 40-ம் நம்பர், 60-ம் நம்பர் என்று இருப்பதுபோல ரத்தத்திலும் ரகங்கள் உண்டு. அவை ஜாதி பார்த்து வருவதில்லை, மதம் பார்த்து வருவதில்லை. தாயிடமிருந்து ஓர் இழை, தகப்பனிடமிருந்து ஓர் இழை என்று இரண்டிழையாக முறுக்கேறி வருகின்றன.

1901-ம் ஆண்டில் வியன்னா நகரத்தில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் ரத்தத்தோடு கலந்து பார்த்தார். சில கலந்து நின்றன. சில திரிந்த பால்போலக் கட்டி கட்டியாயின. இப்படித்தான் ஏ, பி, ஓ என்ற வகைகள் தெரியவந்தன. ஏபி என்ற வகை அடுத்த ஆண்டு தெரிந்தது. 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் எழுத்தோடு கதை முடியவில்லை. உங்கள் கையில் இருக்கும் சீட்டைப் பாருங்கள். "பி பாஸிடிவ்", "ஓ நெகடிவ்" என்று எழுதியிருக்கும். எழுத்துக்குப் பின்னால் வருகிற அந்த பாஸிடிவ், நெகடிவ் என்ற குறி இருக்கிறதே, அதற்கு ஆர்.எச். குறி என்று பெயர். இன்றைய விஷயம் முழுவதும் அந்தக் குறியைப் பற்றியதுதான். ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் மேல் ஆர்.எச். என்ற ஒரு பொருள் ஒட்டியிருந்தால் பாஸிடிவ். அது இல்லாவிட்டால் நெகடிவ். அவ்வளவே வித்தியாசம். நெகடிவ் என்றால் வியாதி அல்ல, குறை அல்ல. மஞ்சள் கண்ணுப் பசுவும் கறுப்புக் கண்ணுப் பசுவும்போல ஒரு வித்தியாசம். இரண்டும் பால் கறக்கும்.

நம் நாட்டில் நூற்றுக்குச் சுமார் 5 பேர் நெகடிவ். ஐரோப்பாவில் சுமார் 15 பேர். ஆயிரம் பெண்கள் வேலை செய்கிற இடத்தில் சுமார் 50 பெண்கள் நெகடிவாக இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

புருஷன் ரத்தமே விஷமான கதை

இந்தக் குறி எப்படித் தெரியவந்தது என்பதைக் கேட்டால் மனம் பதறும்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 25 வயதுப் பெண் ஒருத்திக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. ரத்தம் நிறையப் போய்விட்டது. ரத்தம் ஏற்ற வேண்டும். அவள் ஓ வகை. புருஷனும் ஓ வகை. எழுத்து ஒன்றாயிருக்கிறதே என்று புருஷன் ரத்தத்தையே ஏற்றினார்கள். ஏற்றியதும் அவளுக்குக் குளிர் நடுக்கம் கண்டது, உயிருக்கே ஆபத்து வந்துவிட்டது. எப்படியோ பிழைத்தாள்.

"எழுத்து பொருந்தியிருக்கும்போது ஏன் இப்படி?" என்று பிலிப் லெவின் என்ற டாக்டர் கேட்டார். அவள் ரத்தத்தின் தெளிநீரை எடுத்து, புருஷன் ரத்தத்தோடு கலந்தார். கட்டி கட்டியாயிற்று. ஓ வகைக்காரர்கள் நூறு பேருக்கு மேல் சோதித்தார். ஐந்தில் நான்கு பேர் ரத்தம் அதேபோலக் கட்டியாயிற்று. குழந்தை தகப்பனிடமிருந்து பெற்ற ஏதோ ஒன்று தாயின் ரத்தத்தில் புகுந்திருக்கிறது, அதை எதிர்க்கத் தாயின் உடல் ஒரு பொருளைச் செய்து வைத்திருக்கிறது, அதுவே புருஷன் ரத்தத்தையும் தாக்கியது என்று அவர் கணித்தார். ஸ்டெட்ஸன் என்ற டாக்டரோடு சேர்ந்து 1939-ல் இதை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் லாண்ட்ஸ்டைனரும் வீனர் என்பவரும் ரீசஸ் என்ற குரங்கின் ரத்தத்தை வைத்துச் செய்த சோதனையில் இந்தப் பொருளுக்குப் பெயர் கிடைத்தது. ஆர்.எச். என்பது அந்தக் குரங்கின் பெயரில் முதல் இரண்டு எழுத்து.

ஆயிரக்கணக்கான வருஷங்களாக உலகெங்கும் தாய்மார்கள் ஒரே விதமாகக் குழந்தைகளைப் பறிகொடுத்துக் கொண்டிருந்தார்கள். முதல் குழந்தை நன்றாக இருக்கும். அடுத்தது மஞ்சள் பூத்துச் சாகும். அதற்கடுத்தது வயிற்றிலேயே சாகும். அதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பேய்க்குப் பெயர் வைத்தார்கள். பேயின் உண்மைப் பெயர் தெரிந்து நூறு வருஷம்கூட ஆகவில்லை, தோழர்களே!

மில் வாசல் வாட்ச்மேன்

இது எப்படி நடக்கிறது? மில் வாசலை வைத்தே சொல்கிறேன்.

தாய் நெகடிவ், தகப்பன் பாஸிடிவ். குழந்தை தகப்பனுடைய இழையைப் பெற்று பாஸிடிவாக உருவாகலாம். வயிற்றில் இருக்கும்போது தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நேராகக் கலப்பதில்லை. நடுவில் நஞ்சு ஒரு வேலிபோல நிற்கிறது. சாப்பாடும் காற்றும் வேலியைத் தாண்டிப் போகும். ரத்த அணுக்கள் சாதாரணமாகத் தாண்டுவதில்லை.

ஆனால் பிரசவ நேரத்தில், நஞ்சு பிரியும்போது, குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் உடலுக்குள் வந்துவிடும். கரு கலையும்போதும், கலைக்கும்போதும், கருக்குழாயில் கரு தங்கினாலும், கர்ப்ப காலத்தில் ரத்தம் பட்டாலும், வயிற்றில் பலமாக அடிபட்டாலும் வரலாம்.

இப்போது தாயின் உடலில் காவல் காக்கும் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் மாறிய ஆள் ஒருவன் மில்லுக்குள் நுழைகிறான். இதுவரை பார்த்தறியாத முகம். வாட்ச்மேன் மெதுவாகத்தான் விழித்துக்கொள்கிறான். அதற்குள் முதல் குழந்தை பிறந்து, தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் வாட்ச்மேன் அந்த முகத்தை மறக்கமாட்டான். ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டான்.

அடுத்த குழந்தை உருவாகிறது. அதுவும் பாஸிடிவ். அதே முகம்! இந்தத் தடவை வாட்ச்மேன் தயாராக இருக்கிறான். தாயின் உடல் செய்யும் எதிர்ப்பொருள் இப்போது நஞ்சு என்ற வேலியைத் தாண்டிப் போகும் ரகம். அது குழந்தையின் ரத்தத்துக்குள் போய் சிவப்பு அணுக்களை அழிக்கிறது. குழந்தைக்கு ரத்தசோகை. கல்லீரல் வீங்கும், உடம்பெல்லாம் நீர் கோக்கும். கடுமையாகிவிட்டால் வயிற்றிலேயே உயிர் போகும். உயிரோடு பிறந்தால், முதல் நாளே மஞ்சள் காமாலை ஏறும். மஞ்சள் மூளைக்குப் போய்விட்டால் குழந்தை இறக்கலாம். பிழைத்தாலும் காது கேளாமல், கை கால் இழுத்துப் போகலாம்.

கவனியுங்கள். தாயின் உடல் தன் கடமையைத்தான் செய்கிறது. அம்மையையும் விஷக்காய்ச்சலையும் எதிர்க்கிற அதே காவல்தான் இது. குழந்தையை வெறுத்து எந்தத் தாயும் இதைச் செய்யவில்லை. இதில் தாய்க்குக் குற்றமில்லை, தகப்பனுக்கும் குற்றமில்லை.

காலியாக இருந்த ஒரு கட்டம்

நான் வேலை பார்த்த ஓர் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். நடவுக்கும் களைக்கும் போகிறவள். பெயர் வேண்டாம். ஐந்தாம் மாதம். கூடவே மாமியார்.

"டாக்டரம்மா, இவள் ராசி இல்லாதவள். மூத்தது ஒன்று தங்கியதே பெரிசு. இரண்டாவது மஞ்சளாகப் பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. மூன்றாவது எட்டாம் மாதம் வயிற்றிலேயே செத்து, ஊதிப்போய்ப் பிறந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஆட்டை விற்றுப் பரிகாரம் செய்தோம். இதுவாவது நிற்குமா, பாருங்கள்" என்றாள் மாமியார்.

அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பழைய அட்டைகளைக் கேட்டேன். மாமியார் அவற்றைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாள். முதல் பிரசவத்தின் அட்டையைப் புரட்டினேன். எடை எழுதியிருந்தது. தடுப்பூசித் தேதி எழுதியிருந்தது. "ரத்த வகை" என்று அச்சிட்டிருந்த இடத்துக்கு எதிரே இருந்த கட்டம் மட்டும் காலி!

சோதித்தோம். அவள் பி நெகடிவ். புருஷன் பி பாஸிடிவ். எழுத்து ஒன்று, குறி வேறு. அவள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் நிறைந்திருந்தது. செய்வினை வைத்தது யார் என்று தெரிந்துவிட்டது, தோழர்களே. அந்தக் காலிக் கட்டம்தான்! முதல் குழந்தை பிறந்த மூன்று நாளுக்குள் ஓர் ஊசி போட்டிருந்தால், அநேகமாக அடுத்த இரண்டு குழந்தைகளும் இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்.

அவளைப் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஸ்கேன் பார்த்துக்கொண்டே, வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் கொடிக்கே ஊசி செலுத்தி, இரண்டு தடவை ரத்தம் கொடுத்தார்கள். எட்டாம் மாதக் கடைசியில் பிரசவம் செய்வித்தார்கள். குழந்தையை நீல வெளிச்சத்தில் வைத்தார்கள். பிழைத்தது. பெண் குழந்தை. மாமியார் அதைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். மருமகளை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அந்த ஊசியை அப்பவே யாரும் சொல்லலியே" என்று மட்டும் சொன்னாள். அந்தக் கேள்விக்கு நானும் பதில் சொல்லவில்லை. என்ன பதில் சொல்வது?

எது பதர்?

இப்போது ரீலிங் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். அவர் தெருவில் உள்ள பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததேயில்லை. மூன்று தடவையும் இரண்டாம், மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. ஆளைப் பார்க்காமல் வியாதி சொல்வது வைத்தியமாகாது. ஆனால் ஒன்றைச் சொல்ல முடியும். ஆர்.எச். சண்டை பொதுவாக இப்படி ஆரம்பத்திலேயே கருவைக் கலைப்பதில்லை. அது முதல் கர்ப்பத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கும். ஆரம்ப மாதங்களை விட்டுவிட்டுப் பிந்திய மாதங்களில் கொல்லும். ஆகவே, அந்தப் பெண்ணுக்கு ரத்தந்தான் ஆகவில்லை என்று சோதனையே செய்யாமல் சொன்னவர் யாரோ, அவர் பதரை அளந்து நெல் என்று விற்றிருக்கிறார்.

பின் ஏன் கலைந்தது? ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் சுமார் பாதி, உருவாகும்போதே இழைகளின் கணக்கு தவறிப்போனவை. ஊடும் பாவும் சேரும்போது எங்கோ ஓர் இழை கூடிவிடுகிறது அல்லது குறைந்துவிடுகிறது. அப்படிப்பட்ட கரு நிற்காது. இதற்கும் கிரகணத்துக்கும் சம்பந்தமில்லை. பப்பாளித் துண்டு தின்றதற்கும் சம்பந்தமில்லை. தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இப்படிக் கலைகின்றன. உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு, மூன்று தடவை தொடர்ந்து கலைந்தால் காரணம் தேட வேண்டும். தைராய்டு, கட்டுப்படாத சர்க்கரை, கருப்பையின் அமைப்பு, ரத்தம் உறைவதில் கோளாறு, புருஷன் மனைவி இருவரின் இழைக் கணக்கு இவற்றையெல்லாம் பார்ப்பார்கள். பலவற்றுக்கு மருந்து உண்டு. வேறு பெண் பார்ப்பது இவற்றில் எதற்கும் மருந்தல்ல!

இன்னும் சில பதர்களை ஊதித் தள்ளுவோம்.

"புருஷனும் மனைவியும் ஒரே ரத்த வகையாக இருந்தால் குழந்தை பிறக்காது, பிறந்தாலும் ஊனமாகும்" என்கிறார்கள். பொய். ஒரே வகை என்பதால் ஒரு கெடுதலும் இல்லை. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்வதில் சில பரம்பரை நோய்கள் வரும் ஆபத்து உண்டு. அது வேறு விஷயம். அதையும் இதையும் போட்டுக் குழப்பக் கூடாது.

"தாய் ஓ, தகப்பன் ஏ அல்லது பி என்றால் ஆபத்து" என்கிறார்கள். இந்த வித்தியாசத்தால் சில குழந்தைகளுக்குப் பிறந்த பிறகு காமாலை வருவதுண்டு. பெரும்பாலும் லேசானது; வெளிச்ச வைத்தியத்தில் சரியாகிவிடும். கருச்சிதைவுக்கு இதுதான் காரணம் என்று வைத்தியர்கள் கொள்வதில்லை.

"பெண் நெகடிவ் என்றால் கல்யாணமே வேண்டாம்" என்று சம்பந்தத்தை முறிக்கிறார்கள். இது பொய்யைவிடக் கொடுமை! நெகடிவ் பெண் பத்துப் பிள்ளை வேண்டுமானாலும் பெறலாம். ஊசியை மறக்காமல் போட்டுக்கொண்டால் போதும். புருஷனும் நெகடிவாக இருந்தால் பிள்ளைகளும் நெகடிவ், சண்டையே இல்லை. பெண் பாஸிடிவ், ஆண் நெகடிவ் என்றாலும் இந்தச் சண்டை இல்லை. புருஷன் பாஸிடிவாக இருந்து, அவனிடம் ஓர் இழை பாஸிடிவ், ஓர் இழை நெகடிவ் என்றிருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் நெகடிவாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள், ரத்த வகையைப் பதினோராவது பொருத்தமாக்கி இன்னும் ஒரு கதவைப் பெண்ணின் முகத்தில் சாத்த வேண்டாம். ரத்த வகையைத் தெரிந்துகொள்வது கல்யாணத்தை முறிப்பதற்கல்ல, குழந்தையைக் காப்பதற்கு.

வருமுன் காக்கும் ஊசி

அந்த ஊசி என்ன? அதற்கு ஆன்டி-டி என்று பெயர்.

தத்துவம் எளியது. டோக்கன் மாறிய ஆள் உள்ளே வந்ததை வாட்ச்மேன் பார்ப்பதற்கு முன்பே அந்த ஆளை அப்புறப்படுத்திவிட்டால் வாட்ச்மேனுக்கு முகம் பழகாது. வெளியில் தயாரான எதிர்ப்பொருளைக் கொஞ்சம் தாய்க்குக் கொடுக்கிறோம். அது குழந்தையின் அணுக்களைத் துடைத்துவிடுகிறது. தாயின் உடல் தானாக எதிர்ப்பொருள் செய்யக் கற்றுக்கொள்வதில்லை.

1960-களில் உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு கூட்டத்தார் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதைச் சாதித்தார்கள். நியூயார்க்கில் ஃப்ரெடா, கார்மன், போலக் என்ற மூவர். இங்கிலாந்தில் லிவர்பூலில் சிரில் கிளார்க்கும் ரொனால்ட் ஃபின்னும் அவர்கள் தோழர்களும். கிளார்க் பட்டாம்பூச்சி வளர்த்து அவற்றின் பரம்பரையை ஆராய்ந்தவர். அதிலிருந்துதான் ரத்தத்தின் பரம்பரைக்கு வந்தார். பட்டாம்பூச்சி ஆராய்ச்சியால் ஏழைக்கு என்ன பயன் என்று கேட்கிறவர்கள் இதை நினைவில் வைக்கட்டும். நியூயார்க்கில் முதலில் ஊசியைத் தங்கள் உடம்பில் போட்டுச் சோதிக்க முன்வந்தவர்கள் சிங் சிங் சிறைச்சாலையின் கைதிகள். உலகத்துக் குழந்தைகள் அவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறார்கள். 1968-ல் அமெரிக்காவில் இந்த மருந்து விற்பனைக்கு அனுமதி பெற்றது.

இந்த ஊசி இல்லாத காலத்தில், நெகடிவ் தாய் பாஸிடிவ் குழந்தையைப் பெற்றால், நூற்றுக்குச் சுமார் 16 பேரின் உடல் எதிர்ப்பொருளைச் செய்யக் கற்றுக்கொண்டது. பிரசவத்துக்குப் பின் ஊசி போட்டதும் அது சுமார் 2 ஆகக் குறைந்தது. கர்ப்ப காலத்திலும் ஒரு தடவை போட்டதும் 1-க்கும் கீழே போய்விட்டது.

இதிலே இன்னொரு விஷயம். இந்த மருந்து பெரும்பாலும் மனித ரத்தத்திலிருந்துதான் வருகிறது. எதிர்ப்பொருள் உள்ள மனிதர்கள் தங்கள் ரத்தத்தின் தெளிநீரைத் தானமாகத் தர வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் இருந்தார். 14 வயதில் நெஞ்சில் பெரிய ஆபரேஷன் நடந்தது. முன்பின் தெரியாதவர்களின் ரத்தத்தால் பிழைத்தார். பதினெட்டு வயதானதும் நானும் கொடுப்பேன் என்று உறுதி எடுத்தார். 1954 முதல் 2018 வரை 1,173 தடவை கொடுத்தார். ஊசி குத்துவதைப் பார்க்கப் பயம். ஒரு தடவைகூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுத்தார்! அவர் தெளிநீரிலிருந்து செய்த மருந்து 24 லட்சம் குழந்தைகளைக் காக்க உதவியது என்று அந்த நாட்டு ரத்த வங்கி கணக்கிட்டிருக்கிறது. 2025 பிப்ரவரியில், 88-ம் வயதில் காலமானார்.

நாம் செய்ய வேண்டியது

இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: கர்ப்பம் என்று தெரிந்து முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே ரத்த வகையைச் சோதிக்கச் சொல்லுங்கள். தாய் சேய் நல அட்டையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

இரண்டு: தாய் நெகடிவ் என்றால் புருஷனும் கையை நீட்ட வேண்டும். "எனக்கென்ன சோதனை?" என்று முறைக்காதீர்கள், தோழர்களே. ஒரு சொட்டு ரத்தந்தான். அதற்கு ஆண்மை போய்விடாது.

மூன்று: தாய் நெகடிவ், தகப்பன் பாஸிடிவ் என்றால், தாயின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கூம்ப்ஸ் சோதனை என்று பெயர். எதிர்ப்பொருள் ஒரு தடவை உண்டாகிவிட்டால் ஊசியால் பயனில்லை; பிறகு குழந்தையைத்தான் கவனித்துக் காக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு அணை போட முடியாது.

நான்கு: எதிர்ப்பொருள் இல்லையென்றால், 28-ம் வாரத்தில், அதாவது ஏழாம் மாதத்தில், ஓர் ஊசி. பிரசவமானதும் குழந்தையின் ரத்தத்தைச் சோதித்து, அது பாஸிடிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னோர் ஊசி. மூன்று நாள்! விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் இது வேண்டும்.

ஐந்து: கரு கலைந்தாலும், கலைத்தாலும், கர்ப்ப காலத்தில் ரத்தம் பட்டாலும், "நான் நெகடிவ்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பன்னிரண்டு வாரத்துக்கு உட்பட்டதற்கு ஊசி தேவையில்லை என்று சில நாட்டு விதிகள் சொல்கின்றன. போடுகிற டாக்டர்களும் உண்டு. அதை டாக்டர் தீர்மானிக்கட்டும். ஆனால் வகை தெரிந்தால்தானே தீர்மானிக்க முடியும்? வீட்டிலேயே கஷாயம் குடித்துக் கலைத்துவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பது, உயிருக்கும் ஆபத்து; அடுத்த குழந்தைக்கும் ஆபத்து.

ஆறு: பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலேயே கண்ணோ உடம்போ மஞ்சளானால், உடனே ஆஸ்பத்திரி. "வெயிலில் காட்டினால் சரியாகும்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். வெளிச்சத்துக்குச் சக்தி உண்டு, உண்மை. 1956-ல் இங்கிலாந்தில் ஜீன் வார்டு என்ற நர்ஸ், வெயிலில் வைத்த குழந்தையின் உடம்பில் துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருப்பதைக் கவனித்துச் சொன்னார். ஒரு நர்ஸின் கண்ணிலிருந்துதான் இன்றைய நீல வெளிச்ச வைத்தியம் பிறந்தது. ஆனால் ரத்தச் சண்டையால் வரும் காமாலை மணிக்கு மணி ஏறும். அதற்கு முற்றத்து வெயில் போதாது.

தர்மம் அல்ல, உரிமை

ஒரு கடைசி விஷயம். ஊசி இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் எட்டுவதில்லை. உலகத்தில் இது தேவைப்படும் பெண்களில் சுமார் பாதிப் பேருக்குக் கிடைப்பதில்லை என்று 2020-ல் வெளியான கணக்கு சொல்கிறது. கடையில் வாங்கினால் ஆயிரக்கணக்கில் விலை. கூலிக்காரி எத்தனை நாள் குனிந்து நட்டால் அந்தப் பணம் சேரும்?

இது தர்மமாகக் கேட்கும் பொருள் அல்ல. சர்க்கார் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்குச் சோதனை, மருந்து, ரத்தம் எல்லாம் இலவசம் என்று 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் சொல்கிறது. அவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலிலும் ஆன்டி-டி இருக்கிறது. "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கி வா" என்று சொன்னால், அந்தப் பெண் தனியே அழுதுகொண்டு திரும்பக் கூடாது. நாலு பேர் கூடப் போய்க் கேளுங்கள். எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ஆனால் மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஊசியை எப்படியாவது போட்டுவிட்டு, வழக்கைப் பிறகு பேசுங்கள்.

இன்னொன்று. கரு கலைந்த தொழிலாளிப் பெண்ணுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. 1961-ம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் அதைக் கொடுத்தது. 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. எத்தனை பெண்கள் இதைத் தெரியாமல், நான்காம் நாளே ஷிப்டுக்கு வந்து நிற்கிறார்கள்! வெளியே சொன்னால் ராசியில்லாதவள் என்பார்கள் என்று பயந்து, வலியை முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்கு வருகிறார்கள். வாய் திறந்தால்தான் லீவு. வெட்கம் போனால்தான் உரிமை. தினக்கூலிக்கு வயலில் இறங்கும் தாய்க்கோ இந்தச் சட்டத்தின் நிழல்கூடப் படவில்லை. அவள் உடம்பு வேறு உடம்பா? இதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்பார்கள் நம் பெரியவர்கள். காலியாகக் கிடந்த கட்டம் ஓரிடம், கிடைக்காத ஊசி ஓரிடம், சொல்லித் தராத நாம் எல்லாம் ஓரிடம். பழி மட்டும் எப்போதும் ஒரே இடத்தில் வந்து விழுகிறது: பெண்ணின் தலையில்!

ரீலிங் சகோதரி அவர்களே! உங்கள் தெருப் பெண்ணை நாளைக் காலையில் என்னிடம் அழைத்து வாருங்கள். அவளை மட்டும் அழைத்து வராதீர்கள். புருஷனையும் அழைத்து வாருங்கள். மாமியார் வர இஷ்டப்பட்டால் அவரும் வரட்டும். அவரும் பிள்ளை பெற்றவர்தான், பேரனுக்கு ஏங்குகிறவர்தான். இருவர் கையிலும் ரத்தம் எடுப்போம். என்ன எழுதியிருக்கிறதோ அதை மூன்று பேருக்கும் சேர்த்துப் படித்துக் காட்டுகிறேன்.